வாசகர் கேள்வி – பதில்: மே 7 இற்கு முன்னரே வாக்களிக்க விரும்புவோருக்கு

லண்டனின் 32 பாரோ (நகரப் பிரிவு) கவுன்சில்களுக்கும் 2026 மே 7ஆம் திகதி, வியாழக்கிழமை தேர்தல் நடைபெறுகிறது. வேலை, பயணம், உடல்நலக் குறைவு ஆகிய காரணங்களால் அன்று வாக்களிப்பு நிலையத்துக்குச் செல்ல இயலாத வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். இப்பதில்கள் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல் விதிகளை அடிப்படையாகக் கொண்டவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் சில விதிகள் வேறுபடும்.

கேள்வி: நான் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறேன். தேர்தல் நாளில் எனக்குப் பகல் முழுவதும் வேலை. கனடாவில் இருக்கும் என் அக்கா, மாநகர சபைத் தேர்தலில் சில நாள்களுக்கு முன்னரே வாக்களிப்பு நிலையத்துக்குப் போய் வாக்களித்ததாகச் சொன்னார். இங்கும் அப்படி முடியுமா? – ஹரோ வாசகி

பதில்: கனடாவில் உள்ளதைப் போல முன்கூட்டியே திறக்கும் வாக்களிப்பு நிலையங்கள் உங்கள் பாரோவில் இல்லை. வாக்களிப்பு நிலையங்கள் தேர்தல் நாளன்று காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டுமே திறந்திருக்கும். அதற்கு முன்னர் வாக்களிப்பதற்கு உங்களுக்கு உள்ள வழி தபால் மூல வாக்களிப்புத்தான். 2001ஆம் ஆண்டு முதல் இதற்குக் காரணம் எதுவும் காட்டத் தேவையில்லை. நோய், வெளியூர்ப் பயணம் என்று சான்றிதழ் கேட்ட காலம் முடிந்துவிட்டது; வீட்டிலிருந்தபடி ஆறுதலாக வாக்களிக்க விரும்புகிறேன் என்பதே போதும்.

முதலில் உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும். மே 7 தேர்தலுக்காகப் பதிவு செய்வதற்கு ஏப்ரல் 20ஆம் திகதி நள்ளிரவு வரையும், தபால் வாக்குக்கு விண்ணப்பிப்பதற்கு ஏப்ரல் 21ஆம் திகதி மாலை 5 மணி வரையும் அவகாசம் உண்டு. ஆயினும் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வோம். பிந்தி விண்ணப்பிப்பவருக்கு வாக்குச்சீட்டும் பிந்தியே வந்து சேரும். உங்களைப் போல் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்பவருக்கு அதை நிரப்பித் தபாலில் சேர்ப்பதற்குக் கிடைக்கும் நாள்கள் மிகவும் குறைந்துவிடும்.

அரசாங்க இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நாஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கமும் பிறந்த திகதியும் கேட்பார்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கையொப்பமிட்டு, அதைப் படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும். இந்தப் படத்தை அலட்சியமாக எடுக்காதீர்கள். நீங்கள் பின்னர் அனுப்பும் வாக்கு ஏற்கப்படுமா என்பது பெரும்பாலும் இதனையே பொறுத்திருக்கிறது. ஏன் என்பதைக் கீழே வேறொரு பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தபால் மூலமே வாக்குச்சீட்டு வருகிறது. இம்முறையும் தானாகவே வரும் அல்லவா? – ஈஸ்ட்ஹாம் வாசகர்

பதில்: வராமல் போகக்கூடும் ஐயா. இந்த வாரமே கவுன்சிலின் தேர்தல் பிரிவைத் தொடர்பு கொண்டு உறுதிப்படுத்துங்கள். முன்பெல்லாம் ஒருமுறை விண்ணப்பித்தால் காலவரையறை இன்றித் தபால் வாக்கு வந்துகொண்டிருந்தது. 2023 ஒக்டோபர் 31ஆம் திகதி முதல் ஒரு விண்ணப்பம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அத்திகதிக்கு முன்னர் செய்யப்பட்ட பழைய ஏற்பாடுகள் யாவும் 2026 ஜனவரி 31ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்துவிட்டன. மீண்டும் விண்ணப்பிக்குமாறு கவுன்சில்கள் அனுப்பிய கடிதங்களை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்ட குடும்பங்கள் நம்மிடையே நிச்சயம் இருக்கும். நீங்கள் மீண்டும் விண்ணப்பித்த நினைவு இல்லையென்றால், இருவருமே தனித்தனியாகப் புதிய விண்ணப்பம் செய்ய வேண்டும். மனைவியின் விண்ணப்பத்தில் உங்கள் கையொப்பம் செல்லாது.

கேள்வி: 2024 மே மாதத் தேர்தலில் நான் அனுப்பிய தபால் வாக்கு, கையொப்பம் பொருந்தவில்லை என்று நிராகரிக்கப்பட்டதாகப் பின்னர் கடிதம் வந்தது. நானே கையொப்பமிட்ட வாக்கு எப்படிப் பொருந்தாமல் போகும்? – கிங்ஸ்டன் வாசகர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஒருவர் மெனக்கெட்டு வாக்களித்து, அது எண்ணப்படவே இல்லை என்று பிறகு அறிவது மிகுந்த ஏமாற்றம் தருவது. ஆனால் அந்தச் சோதனை ஏன் வந்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2004இல் பர்மிங்ஹாம் கவுன்சில் தேர்தலில் தபால் வாக்குகள் பெருமளவில் மோசடி செய்யப்பட்டது நீதிமன்ற விசாரணையில் நிரூபணமானது. அதைத் தொடர்ந்து 2006இல் வந்த சட்டம், தபால் வாக்காளர் ஒவ்வொருவரும் தம் கையொப்பத்தையும் பிறந்த திகதியையும் முன்கூட்டியே பதிவு செய்துவைக்க வேண்டும் என்று விதித்தது. வாக்கு வந்து சேர்ந்ததும் அவ்விரண்டையும் பதிவிலுள்ளவற்றோடு ஒப்பிடுவார்கள். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வாக்குச்சீட்டு எண்ணிக்கைக்குப் போகாது.

நம்மவர்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு சிக்கல் உண்டு. ஊரில் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தமிழில் கையொப்பமிட்டுப் பழகியவர், இங்கு வந்தபின் வங்கிக்கும் வேலைத்தலத்துக்கும் ஆங்கிலத்தில் வேறொரு கையொப்பம் வைத்துக்கொள்வார். விண்ணப்பத்தில் ஒன்றையும் வாக்களிக்கும்போது மற்றொன்றையும் இட்டுவிட்டால், இரண்டும் அவருடையவையே ஆனாலும் அதிகாரியின் பார்வையில் அவை இரு வேறு ஆட்களின் கையொப்பங்கள். தமிழில் கையொப்பமிடுவதில் தவறேதும் இல்லை. எது பதிவில் இருக்கிறதோ அதையே இட வேண்டும் என்பதுதான் முக்கியம். புதிதாக விண்ணப்பிக்கும்போது பதிவேற்றும் படத்தை உங்கள் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாக்களிக்கும் நாளில் அதைப் பார்த்து அதே விதமாகக் கையொப்பமிடலாம். முதுமையாலோ நோயாலோ கை நடுங்கி, ஒவ்வொரு முறையும் கையொப்பம் மாறிப் போகிறவர்கள் கையொப்பமிடுவதிலிருந்து விலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம். இந்த வசதி இருப்பது பலருக்குத் தெரியாததால், வயதான பெற்றோர் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனித் தபாலில் வரும் உறையைப் பிரித்துப் பார்ப்போம். அதனுள் வாக்குச்சீட்டு, தபால் வாக்குக் கூற்றுப் பத்திரம், 'ஏ' என்று குறித்த சிறிய உறை, 'பி' என்று குறித்த பெரிய உறை, விளக்கத் தாள் ஆகியன இருக்கும். வாக்குச்சீட்டில் புள்ளடி இட்டு, மடித்து, 'ஏ' உறையில் வைத்து ஒட்டுங்கள். பின்னர் கூற்றுப் பத்திரத்தில் பிறந்த திகதியை நிரப்பிக் கையொப்பமிடுங்கள். ஒட்டிய 'ஏ' உறையையும் கூற்றுப் பத்திரத்தையும் சேர்த்து 'பி' உறைக்குள் வைத்து ஒட்டுங்கள். கூற்றுப் பத்திரத்தை உள்ளே வைக்க மறந்துவிட்டால் வாக்கு நிராகரிக்கப்படும். வங்கிப் படிவங்களை நிரப்பிப் பழகிய கை, கையொப்பத்துக்கு அருகில் இருக்கும் பெட்டிகளில் தானாகவே அன்றைய திகதியை எழுதிவிடும். அங்கே கேட்கப்படுவது பிறந்த திகதி. இந்த ஒரு கவனக்குறைவால் மட்டும் வீணாகும் வாக்குகள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில், கறுப்புப் பேனாவால் எழுதுங்கள். ஒரே வீட்டில் பலருக்கு உறைகள் வந்திருந்தால், ஒருவருடையதை முடித்து ஒட்டிய பின்னரே அடுத்தவருடையதைப் பிரியுங்கள். ஒருவரின் வாக்குச்சீட்டு மற்றவரின் கூற்றுப் பத்திரத்தோடு சேர்ந்துவிட்டால் இலக்கங்கள் பொருந்தாமல் போகும்.

வாக்குச்சீட்டில் எத்தனை புள்ளடி இடலாம் என்பதும் பலருக்குக் குழப்பம் தருகிறது. லண்டன் வட்டாரங்களில் ஒன்று முதல் மூன்று வரையான உறுப்பினர்கள் தெரிவு செய்யப்படுகிறார்கள். சீட்டின் மேற்பகுதியில் குறிக்கப்பட்டுள்ள எண்ணிக்கை வரை இடலாம். அதற்குக் குறைவாக இட்டால் பாதகமில்லை, கூடினால் சீட்டே செல்லாததாகிவிடும். நியூஹாம், குறொய்டன், லூவிஷாம், ஹக்னி, டவர் ஹம்லெட்ஸ் ஆகிய ஐந்து பாரோக்களில் மேயரையும் மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதால் இரண்டு சீட்டுகள் வரும். மேயருக்கான சீட்டில் ஒரேயொரு புள்ளடிதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து வாக்குகள். ஐந்து உறைகளையும் அப்பாவே பிரித்து, எல்லாவற்றிலும் தாமே புள்ளடி இட்டு, எங்களிடம் கையொப்பம் மட்டும் வாங்குவார். சென்றமுறை ஒரு கட்சித் தொண்டர் வீட்டுக்கு வந்து 'நானே தபாலில் போட்டுவிடுகிறேன்' என்று கேட்டார். இவையெல்லாம் சரிதானா? – மேர்ட்டன் வாசகி, வயது 22

பதில்: இரண்டுமே சரியல்ல. இதைக் கேட்டு எழுதியதற்கு உங்களைப் பாராட்டுகிறோம். கேட்காமலே இருந்துவிடும் வீடுகள்தான் அதிகம்.

உங்கள் தந்தை கெட்ட எண்ணத்தோடு செய்கிறார் என்று நாம் நினைக்கவில்லை. வரிப் படிவம், வீட்டுக் கடன், கடவுச்சீட்டு விண்ணப்பம் என்று வீட்டின் கடிதங்கள் அனைத்தையும் ஒருவரே கவனித்து வந்த பழக்கத்தில், வாக்குச்சீட்டையும் அவ்வாறே நினைத்துவிடுகிறார். ஆனால் வாக்கு குடும்பத்துக்குரியது அன்று, அதில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே உரியது. மற்றொருவரின் சீட்டில் தம் விருப்பப்படி புள்ளடி இடுவது குற்றம். 2022ஆம் ஆண்டின் தேர்தல்கள் சட்டம் வாக்கின் இரகசியத்தைத் தபால் வாக்குக்கும் விரிவுபடுத்தியிருக்கிறது. ஒருவர் தபால் வாக்குச்சீட்டை நிரப்பும்போது அவர் யாருக்கு வாக்களிக்கிறார் என்று அறிய முயல்வதைக்கூட அச்சட்டம் குற்றமாக்கியுள்ளது. அரசியல் பேசி, ஒருவர் மனத்தை மற்றவர் மாற்ற முயல்வது எந்த வீட்டிலும் நடக்கலாம். ஆனால் சீட்டைக் கையில் எடுத்ததும் அவரவர் தனியே போய் நிரப்ப வேண்டும். அப்பாவிடம் நேரே சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், ஏப்ரல் 21 மாலை 5 மணிக்குள் உங்கள் தபால் வாக்கை இரத்துச் செய்து, தேர்தல் நாளில் நேரில் சென்று வாக்களிக்கலாம். அல்லது நீங்கள் வழக்கமாகத் தங்கும் வேறொரு முகவரிக்கு உறையை அனுப்புமாறு காரணம் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

தொண்டர் விடயத்தில் சட்டம் இன்னும் தெளிவானது. அரசியல் பிரசாரத்தில் ஈடுபடுபவர், தம் நெருங்கிய குடும்பத்தவர் அல்லது தாம் பராமரிப்பவர் தவிர்ந்த வேறு எவருடைய தபால் வாக்கையும் கையாளக் கூடாது. மீறினால் சிறைத்தண்டனைகூடக் கிடைக்கலாம். அவர் கோயிலிலும் ஊர்ச்சங்கத்திலும் நன்கு அறிமுகமானவராக இருக்கலாம், உதவும் எண்ணத்தோடுதான் கேட்டிருக்கலாம். "நன்றி அண்ணா, நானே போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நான் இலங்கைக் கடவுச்சீட்டில் வேலை விசாவோடு இருக்கிறேன். என் சகலர் பிரெஞ்சுப் பிரஜை, அவருடைய தம்பி சுவிஸ் பிரஜை. எங்களுள் யார் யாருக்கு வாக்கு உண்டு? – வெம்பிளி வாசகர்

பதில்: உங்களுக்கு உண்டு. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், தென்னாபிரிக்கா, மொரிஷியஸ் முதலிய பொதுநலவாய நாடுகளின் பிரஜைகள், இங்கு தங்குவதற்குச் செல்லுபடியாகும் அனுமதி வைத்திருந்தால், பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலே உள்ளூராட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். நிரந்தர வதிவிடம் வேண்டியதில்லை. மாணவர் விசா, வேலை விசா, அகதி அந்தஸ்தோடு கிடைத்த அனுமதி ஆகிய எதுவும் போதும். புகலிடக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு கிடைக்காமல், வேறு அனுமதியும் இல்லாதிருப்பவர் பதிவு செய்ய முடியாது. "குடியுரிமை எடுத்த பிறகுதான் வாக்கு" என்று நம்பிக்கொண்டு, கவுன்சில் டாக்ஸ் மட்டும் ஆண்டுதோறும் கட்டிவரும் தமிழர்கள் பலர். குப்பை அகற்றல், நூலகம், முதியோர் பராமரிப்பு, கோயிலுக்கான கட்டட அனுமதி ஆகியவற்றை முடிவு செய்யும் சபையில் அவர்களுக்கும் சமமான குரல் உண்டு.

உங்கள் சகலர் 2020 டிசம்பர் 31ஆம் திகதிக்கு முன்னரே இங்கு குடியேறி, அன்றிலிருந்து சட்டப்படி வதிந்து வருபவரானால் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில் முடியாது. அதற்குப் பின்னர் வந்தவரானால், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி முதலிய நாடுகளின் பிரஜைகளுக்கு இப்போது வாக்கு இல்லை. டென்மார்க், போலந்து, போர்த்துக்கல், ஸ்பெயின், லக்சம்பேர்க் ஆகிய ஐந்து நாடுகள் பிரித்தானியாவோடு தனி உடன்படிக்கை செய்திருப்பதால், அவற்றின் பிரஜைகள் எப்போது வந்திருந்தாலும் வாக்களிக்கலாம். சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, பொதுநலவாயத்திலும் இல்லை. ஆகவே அந்தத் தம்பிக்குப் பிரித்தானியக் குடியுரிமையோ வேறொரு தகுதியுள்ள நாட்டின் குடியுரிமையோ இருந்தாலன்றி வாக்கு இல்லை.

கேள்வி: ஏப்ரல் முதல் வாரம் யாழ்ப்பாணம் சென்று ஜூன் மாதம்தான் திரும்புகிறேன். வாக்குச்சீட்டை அங்கே அனுப்பச் சொல்லலாமா? – சட்டன் வாசகர்

பதில்: கேட்கலாம், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். வேட்புமனுக்கள் ஏற்பது ஏப்ரல் 9ஆம் திகதிதான் முடிகிறது. அதன் பின்னரே சீட்டுகளை அச்சிட்டு அனுப்ப முடியும். யாழ்ப்பாணம் வரை போய், மே 7 இரவு 10 மணிக்குள் சட்டனுக்குத் திரும்பி வந்து சேர்வதற்கு அது போதிய காலம் அன்று. தபால் முத்திரையிலுள்ள திகதியை யாரும் பார்ப்பதில்லை, வந்து சேர்ந்த நேரமே கணக்கு.

உங்களுக்குப் பொருத்தமானது பதிலாள் மூலம் வாக்களிப்பது. இங்கே 'புறொக்சி' என்று சொல்வார்கள். நீங்கள் நம்பும் ஒருவரை நியமித்து, அவர் உங்கள் சார்பில் வாக்களிக்க விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரம் ஏப்ரல் 28 மாலை 5 மணி. விமானம் ஏறும் முன்னரே முடித்துவிடுங்கள். அவரும் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். உங்களுடைய வாக்களிப்பு நிலையத்துக்கு, தம்முடைய புகைப்பட அடையாள அட்டையோடு செல்ல வேண்டும். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோருக்கான பஸ் பாஸ் ஆகியன ஏற்கப்படும்; இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளும் செல்லும். அவருக்கு நேரில் செல்ல வசதியில்லையென்றால், உங்கள் பதிலாளாகத் தபால் மூலம் வாக்களிக்கவும் அவர் விண்ணப்பிக்கலாம். இங்கு வசிக்கும் வாக்காளர்களுள் இருவருக்கு மேல் ஒருவர் பதிலாளாக இருக்க முடியாது. ஆகவே ஊருக்குப் போகும் உறவினர் அனைவரும் ஒரே மருமகனை நியமிப்பது நடவாது.

எதிர்பாராத மருத்துவ அவசரமோ வேலைப் பயணமோ இந்தக் காலக்கெடுவுக்குப் பின் வந்தால், தேர்தல் நாள் மாலை 5 மணி வரை அவசரப் பதிலாள் கோரலாம்.

கேள்வி: மகள் பர்மிங்ஹாமில் படிக்கிறாள். அவளுக்கு எங்கே வாக்கு? – ரெட்பிரிட்ஜ் வாசகி

பதில்: இரண்டு முகவரியிலும் அவள் பதிவு செய்யலாம். இரண்டும் வெவ்வேறு கவுன்சில்கள் என்பதால், உள்ளூராட்சித் தேர்தலில் இரு இடத்திலும் வாக்களிக்கலாம். பர்மிங்ஹாமிலும் மே 7 அன்று தேர்தல் இருப்பதால், ஒன்றில் நேரிலும் மற்றொன்றில் தபாலிலும் வாக்களிப்பது அவளுக்கு வசதியாக இருக்கும். நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் ஒரே இடம்தான்.

கேள்வி: முன்னரே அனுப்பிய வாக்குகளை முன்னரே எண்ணி, முடிவை வெளியே விட்டுவிடமாட்டார்களா? – குறொய்டன் வாசகர்

பதில்: இல்லை. கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்காக உறைகளை முன்னரே பிரிப்பார்கள், ஆனால் சீட்டுகளின் முகப்பு கீழ்நோக்கி இருக்கும்படியே கையாள்வார்கள். எண்ணுவது தேர்தல் முடிந்த பின்னர்தான்.

கேள்வி: நிரப்பிய உறையைத் தபாலில் போடக் கடைசி நாள் எது? தவறவிட்டால், அல்லது உறையே வராவிட்டால் என்ன செய்வது? – ஹேய்ஸ் வாசகர்

பதில்: மே 4 திங்கட்கிழமை வங்கி விடுமுறை. ஞாயிறும் திங்களும் தபால் எடுக்கமாட்டார்கள். ஆகவே ஏப்ரல் 30 வியாழனுக்குள் போட்டுவிடுங்கள். முத்திரை ஒட்டத் தேவையில்லை.

அதற்குப் பிந்தினால் தபால் பெட்டியை நம்பாமல் கையில் கொண்டு செல்லுங்கள். கவுன்சில் அலுவலகத்திலோ, தேர்தல் நாளன்று உங்கள் வட்டாரத்தின் வாக்களிப்பு நிலையத்திலோ இரவு 10 மணிக்குள் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். படிவமின்றிக் கவுன்சிலின் கடிதப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தால் அந்த வாக்கு நிராகரிக்கப்படும். உங்களுடையதோடு வேறு ஐந்து பேருடைய உறைகள் வரைதான் கொண்டு செல்லலாம். தபால் வாக்குப் பெற்றவர் வாக்களிப்பு நிலையத்தில் புதிதாகச் சீட்டு வாங்கி வாக்களிக்க முடியாது என்பதால், நிரப்பிய உறையையே கொண்டு போக வேண்டும்.

உறை வராவிட்டால், ஏப்ரல் 30 முதல் மாற்றுச் சீட்டுக் கேட்கலாம். பிழையாக எழுதிக் கெடுத்துவிட்டாலும், கெடுத்த சீட்டையும் மற்றத் தாள்களையும் கொடுத்து வேறு பெற்றுக்கொள்ளலாம். அடையாள அட்டையோடு கவுன்சிலின் தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் செல்வதே விரைவானது. மே 7 மாலை 5 மணியுடன் மாற்றுச் சீட்டுப் பெறும் அவகாசம் முடிந்துவிடும்.